துவக்குக்குச் சந்தனம்

புதுத் துவக்கு வாங்கியிருக்கிறேன் என்று சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். "உனக்கென்ன விசரே? ஊரில துவக்கைக் கண்டு ஓடினனாங்கள். நீ அங்க காசு குடுத்து வாங்கிறாய்!" என்றாள்.

இது துப்பாக்கி சுடும் விளையாட்டு, காகிதத்தில் இருக்கும் கறுப்பு வட்டத்தைத் தவிர வேறெதையும் நான் சுடுவதில்லை என்று விளக்கிப் பார்த்தேன். ஐம்பது வயது தாண்டித்தான் மெல்பேர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள கிளப்பில் நானும் இவரும் சேர்ந்தோம். இருவரிடமும் லைசென்ஸ் உண்டு, துவக்கு எப்போதும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியே இருக்கும். இவருக்கு அங்கே பிடித்தது தேத்தண்ணியும் பிஸ்கட்டும். எனக்கோ சுடுவதில் பைத்தியமே பிடித்துவிட்டது. அந்த வருடம் போட்டிக்காகச் சிட்னிக்குப் போகும் பெண்கள் அணியில் ஓரிடம் காலியாக இருந்தது. அக்காவின் கண்முன்னால் சுட்டுக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

துவக்கைச் செய்தவர் நகரத்துக்கு வெளியே சின்னப் பட்டறை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர். செய்வதும் அவர்தான், சோதிப்பதும் அவர்தான், பழுது என்று போன் பண்ணினால் எடுப்பதும் அவர்தான். அதற்காகவே அவரிடம் வாங்கினேன். முதல் கிழமையே குறிபார்க்கும் வளையம் ஆடியது. இறுக்க வேண்டிய திருகாணியை மனிதர் இறுக்கவே இல்லை! கொண்டுபோனேன், மன்னிப்புக் கேட்டு இறுக்கித் தந்தார். அடுத்த மாதம், சுட்டுக்கொண்டே போகக் குண்டு இடப்பக்கமாகவே போனது. பிடியின் மரம் குழாயோடு உரசுகிறதாம். அதையும் சீவித் தந்தார்.

நான் சும்மா இருப்பேனா? கிளப் முழுக்க அவருடைய மானத்தைக் கப்பலேற்றினேன். கேரம் டவுன்ஸ் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களைக்கூட விடவில்லை. "செக் பண்ணாமல் அனுப்பிற ஆள். அவரிட்ட மட்டும் ஒண்டும் வாங்கிப்போடாதேங்கோ," என்றேன். அந்த வரிசையில் ஒருவரும் துவக்கு வாங்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

அணிக்கு ஆள் எடுக்கும் சனிக்கிழமை நெருங்கியது. பயிற்சியில் விசையை இழுத்தேன், 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. வேறு தோட்டா போட்டு இழுத்தேன். திரும்பவும் டிக். வந்ததே எனக்குக் கோபம்!

அடுத்த நாள் காலை இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன். இது மூன்றாம் முறை, இதற்குப் பெயர் வாரண்டியா, சனிக்கிழமை நான் என்ன தடியாலா சுடுவது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றினார். அதற்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"நல்ல வாசம். இது என்ன எண்ணெய்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாத வாசமா? இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் பட்டறையின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்தனீங்கள்?"

"ஆயுத பூசைக்கு ஒரு பொட்டு வைச்சனான். சந்தனம் கொஞ்சம் தண்ணியாப் போச்சு. வழிஞ்சிருக்கும்."

இவர் அப்படித்தான். ஆயுத பூசை வந்தால் காரின் ஹார்ன், கம்ப்யூட்டர், என் தையல் மெஷின் என்று ஒன்றும் தப்பாது. டிவி ரிமோட்டுக்கும் வைத்து, பொத்தான்கள் ஒட்டிப்போய், ஒரே சானலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

என் முகத்தில் ஈயாடவில்லை. வருடத்தில் ஒருநாள் நாங்கள் பாவிக்கும் கருவிகளுக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுவோம் என்று அவருக்கு மெல்லிய குரலில் விளங்கப்படுத்தினேன். வேறு பொருள் உள்ளே போனால் வாரண்டி செல்லாது என்பது எனக்கும் தெரியும். சிட்னியும் போச்சு, மானமும் போச்சு என்று நின்றேன்.

மனிதர் சந்தனத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, பட்டறைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். விசையை இழுத்தார். டிக்!

திரும்பி வந்து மறுபடி கழற்றினார். உள்ளேயிருந்த ஸ்பிரிங்கை எடுத்து, புது ஸ்பிரிங் ஒன்றோடு பக்கத்தில் நிறுத்தினார். எங்களுடையது நீளத்தில் கட்டை.

"சந்தனத்தில் பிழை இல்லை. வேறு மாடலின் ஸ்பிரிங்கை மாறிப் போட்டுவிட்டேன். இவ்வளவு நாள் தாங்கி, இப்போது தளர்ந்துவிட்டது. பிழை என்னுடையது," என்றார்.

"பார்த்தீரே! சந்தனம் ஒண்டும் செய்யாதெண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

மனிதர் நினைத்திருந்தால் சந்தனத்தின் தலையில் பழியைப் போட்டு, ஸ்பிரிங்கைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். நாங்களும் வெட்கத்தில் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்போம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்," என்று சிரித்தார். புது ஸ்பிரிங்கைப் போட்டு, எங்கள் முன்னாலேயே ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டுத் தீர்த்த பிறகுதான் துவக்கைக் கையில் தந்தார். அடுத்த பூசைக்குப் பொட்டை இரும்புப் பெட்டிக்கு வெளியே வைக்கும்படி இவரிடம் தாழ்மையாகக் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை, கடைசி ஆளாக அணிக்குள் நுழைந்துவிட்டேன்.

சிட்னியில் அக்கா பார்க்க வந்தாள். கதிரையைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு, காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். முதல் சில வெடிகளுக்குக் கண்ணையும் மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள். துவக்கு ஒருமுறைகூட டிக் என்று ஏமாற்றவில்லை. தவறவிட்டதெல்லாம் நான்தான், ஆனாலும் கடைசியாக வரவில்லை.

எல்லாம் முடிந்து நான் துவக்கை உறையில் வைக்கும்போது அக்கா கிட்ட வந்து, ஒரு விரலால் அதன் மரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல துவக்கோ?"

"துவக்கு சுமார்தான் அக்கா," என்றேன். "செய்த ஆள் திறம்."