கிழித்த கடிதத்தின் நகல்

இந்த ஊரில் என் கடிதங்களை எனக்கு முன்பே யாரோ படித்துவிடுகிறார்கள். உறையின் ஓரத்தைக் கத்தரித்து, படித்து முடித்து, வெட்டின இடத்தில் ஒரு தாள் பட்டையை ஒட்டி, முத்திரையும் குத்தித் தருகிறார்கள். திருடினவன் கதவைச் சாத்திவிட்டுப் போவதுபோல அவ்வளவு மரியாதை. உலகச் சண்டை ஓய்ந்து மாதங்கள் ஆகியும், உறை கைக்கு வந்ததும் முதலில் ஓரத்தைத்தான் தடவிப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையையும் இரண்டு சர்க்கார்கள் படித்த பிறகே நெல்லையில் நீங்கள் படிப்பீர்கள். அவர்களுக்கும் என் வணக்கம்.

நான் பாபநாசத்தில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவன். சுதேசிக் கலகம் நடந்த வருஷம் திருநெல்வேலி டவுணில் மூன்று பேர் நின்று பேசினால் அதில் ஒருவன் போலீஸ் ஆள் என்பார்கள். அந்தப் பயம் எனக்கு ஒத்துவரவில்லை. ராஜா இல்லாத தேசம் ஒன்று உண்டு, அங்கே ஆளுகிறவரை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள், யாரும் எதையும் பேசலாம் என்று பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்திருந்தேன். அதை நம்பிக் கப்பலேறினேன். இங்கேயும் பஞ்சாலைதான்.

இங்கே ஆளும் பிரசிடென்ட் முன்பு காலேஜ் வாத்தியார். தேசத்தைச் சண்டைக்குள் இழுக்காமல் காத்தவர் என்று சொல்லித்தான் இரண்டாம் தடவை அவருக்கு ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்த சில மாதங்களில் சண்டையில் இறங்கினார். கேள்வி கேட்ட பிள்ளையைப் பிரம்பால் அடிக்கிற வாத்தியார் உண்டல்லவா, அந்த ரகம். சர்க்காரைப் பழித்தால் சிறை என்று சட்டம் வந்தது. பிரசிடென்ட் பதவிக்கே போட்டியிட்ட ஒரு முதியவருக்கு ஒரு மேடைப் பேச்சுக்காகப் பத்து வருஷம் தண்டனை. பிடிக்காத பத்திரிகைகளைத் தபாலில் ஏற்ற மறுத்தார்கள். எல்லாவற்றையும்விட எனக்குக் கசந்தது, அண்டை வீட்டுக்காரனே பேட்ஜ் குத்திக்கொண்டு உளவு பார்த்ததுதான். ஓட்டுப் போட்ட ஜனங்களையே நம்பாதவர் என்ன ஜனாதிபதி?

சண்டை ஓயச் சில வாரங்கள் இருக்கும்போது தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூலைகளில் கரி தடவியிருந்தது. இழவுக் கடிதத்தை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டு, தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். மூன்று தலைமுறையாக ஏசுவை நம்பும் வேதக்காரர்களானாலும் எங்கள் வீட்டில் இந்த வழக்கம் போகவில்லை. கொழும்பிலிருந்து மாமா இறந்த கடிதம் வந்தபோது, அம்மா தெருவில் நின்று படித்துவிட்டு அதைச் சுக்குச்சுக்காகக் கிழித்தாள். பாதிரி ஐயர் கோயில் பிரசங்கத்திலேயே கண்டித்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

அம்மா காலமானாள் என்பது தம்பியின் முதல் வரி. போகுமுன் உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள் என்பது இரண்டாவது. அதற்குமேல் கண்ணில் எழுத்துத் தெரியவில்லை. கை தன் பழக்கத்தில் கிழித்துவிட்டது. துண்டுகளைக் கால்வாயில் போட்டுவிட்டு, அந்தக் குளிரில் கொல்லைக் குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாள் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நாலு வருஷமாக எனக்குச் சோறு போட்டவள்தான்.

மறுநாள் ஆலைக்கே இரண்டு பேர் வந்து அழைத்துப் போனார்கள். கடிதத்தை ஏன் அழித்தாய் என்று அதிகாரி கேட்டார். அம்மா இறந்துபோனாள், அதனால் கிழித்தேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தம் தாயார் இறந்த கடிதத்தைப் பைபிளுக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். தாயின் சாவுச் செய்தியை எந்த மகன் கிழிப்பான்? சிறைக்கோ, நாடு கடத்தும் கப்பலுக்கோ என்னை அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில், எனக்கு முன்னால் நீங்கள்தானே படித்தீர்கள், உங்கள் நகலைப் பாருங்கள் என்றேன்.

மேஜை இழுப்பறையைத் திறந்தார். தமிழ்க் கடிதத்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒரு முழுப் பக்கம் இருந்தது. படிக்கப் படிக்க அவர் முகம் இளகியது. நீ போகலாம் என்றார். அம்மா என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டேன். இது சர்க்கார் சொத்து என்று இழுப்பறையைப் பூட்டினார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டுமே. இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இன்னொருவர்தான். மேலப்பாளையத்துக் காதர், என்னோடு ஆலையில் தறி ஓட்டுகிறவர். ஞாயிறுதோறும் அவர் அறையில்தான் எனக்குத் தேத்தண்ணீர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடிதம் பிரிக்கிற ஆபீஸ்காரர்கள் எப்போதாவது உம்மைக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன். காதர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன வே, என்னையவா சந்தேகப்படுதீரு?"

"சும்மா கேட்டேன் வே."

"குடியும். ஆறிப்போவுது."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. தம்பிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் எந்த மேஜையில் கிடக்கிறதோ. ஞாயிறுதோறும் இன்னும் போகிறேன். எதிரே நெல்லைத் தமிழ் பேசிக்கொண்டு என் ஊர்க்காரர். அவருக்கு என் அம்மாவின் கடைசி வார்த்தை தெரிந்திருந்தால் அவர் எனக்கு நண்பரில்லை. தெரியாதிருந்தால் இந்தக் கரையில் அதை எனக்குச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஜெபிப்பது என்று தெரியாமல், ஆறிய தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறேன்.