வீதிப் பக்கம் வைத்த கேற்

மகள், மகன், இதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். கடற்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள் என்று நீங்கள் கேட்ட போதெல்லாம் வாப்பா ஏதாவது சாட்டுச் சொல்லி வேறு பக்கம் கூட்டிப் போனேன். வெயில் என்றேன், காற்று என்றேன். உண்மைக் காரணத்தை இப்போது எழுதுகிறேன். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு மட்டும்தான். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நடந்த பிழையைத்தான் இனித் திருத்த ஏலாது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நிறைய வரத் தொடங்கினார்கள். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்கள். ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் விடுதிகள் எழும்பின. நான் அப்போது பிரதேச சபையில் வேலைத்தள உதவியாளன். அளவு நாடா பிடிப்பது, முளை அடிப்பது, பெரிய உத்தியோகத்தர் சொல்வதை வரைபடத்தில் பென்சிலால் குறிப்பது என் வேலை. கணக்கு எனக்கு அவ்வளவு வராது. ஆனால் நான் கீறினால் கோடு நேராக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விடுதிக்காரர்கள் முறைப்பாடு கொடுத்ததால், கடற்கரையில் நாயைக் கட்டாமல் விடக்கூடாது என்று சபை ஒரு விதி போட்டது. அவிழ்ந்து திரிகிற நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. போன நாய் ஒன்றும் திரும்பி வரவும் இல்லை. அதற்கு ஈடாக, புதிதாகக் கட்டுகிற பூங்காவில் ஒரு மூலையைக் கம்பி வலையால் அடைத்து, நாய்களை அவிழ்த்துவிட ஓரிடம் கொடுப்பதாகச் சபை சொன்னது. எங்கே அடைப்பது, எப்படி அடைப்பது என்று பேச ஒரு கூட்டம் வைத்தார்கள்.

கூட்டம் தொடங்கின உடனேயே சிரிப்புத்தான். ஒரு ஹாஜியார் எழும்பிச் சொன்னார்:

"நாங்க காணி உறுதிக்கு எத்தன வருசமா அலையிறோம். நாய்க்கு ஒரு கடுதாசியும் கேக்காம காணி குடுக்கிறீங்க. அடுத்த முறை நானும் நாலு கால்ல வாறன்!"

எல்லாரும் சிரித்து முடிந்த பிறகுதான் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து வந்தவர் கதைத்தார். பூங்காவின் நடுவால் போகிற பாதை பள்ளிக்குக் குறுக்குவழி. கை கால் முகம் கழுவி உழு எடுத்துக்கொண்டு அந்த வழியால் தொழப் போகிறவர்கள் நிறையப் பேர். நனைந்த நாய் மேலில் உரசினால் அந்த இடத்தை நாங்கள் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. உங்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்கு அவர் அமைதியாக விளக்கினார்.

"நாய்க்கும் உசிரு குடுத்தது அல்லாஹ்தான். இடம் குடுங்க, நாங்க மறிக்கல்ல. ஆனா தொழப் போற பாதையில நாய் குறுக்க வராம செஞ்சு தாங்க."

அந்தக் கூட்டத்தில் நாய்க்காக வந்திருந்தவர் ஒரே ஓர் ஆள்தான். கண்டக்குழியில் இருந்து வந்த மீன்பிடிக்காரர், கத்தோலிக்க வேதக்காரர், எழுபதை நெருங்கினவர். மனைவி மவுத்தாகிப் போய்விட்டார். ஒரே மகன் இத்தாலியில். வீட்டில் அவரும் ஒரு செம்மண் நிறப் பெட்டை நாயும் மட்டும். அவர் தோணியில் திரும்பி வரும்போது அது கரை நீளத்துக்கு ஓடிவருமாம். விதி வந்த பிறகு அதைத் தென்னையில் கட்டிப் போட்டிருந்தார். இரண்டு தரம் கயிற்றை அறுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடி, இரண்டு தரமும் சபை ஆட்கள் வந்து எச்சரித்திருந்தார்கள்.

"மூண்டாந் தரம் ஏத்திக்கொண்டு போயிருவாங்களாம்," என்றார். "கட்டி வைச்சா அது தின்னுதில்ல. எனக்கு வேற ஒண்டும் வேணாம். அது ஓடுறதுக்கு ஓரிடம் இருந்தாப் போதும்."

அப்போதுதான் நான் எழும்பினேன். நாய் அடைப்பின் வாசல் கேற்றைப் பூங்காவுக்குள் வைக்காமல் வீதிப் பக்கம் வைத்தால், நாய் வீதியால் வந்து வீதியால் போகும், தொழப் போகிறவர்களுக்கு எதிர்ப்படாது என்று சொன்னேன். அந்த வருடங்களில் எங்கள் முஸ்லிம் ஆட்களைப் பற்றிச் சின்னக் கதை ஒன்று போதும், பெரிய நெருப்பாக்கிவிடுவார்கள். அதனால் எல்லாருக்கும் அது நிம்மதியாக இருந்தது. ஹாஜியார் என் முதுகில் தட்டி, "மூளைக்காரன் இங்கதான் ஒளிச்சிருந்திருக்கான்," என்றார். வரைபடத்தில் அந்த இடத்தை நானே குறித்தேன்.

முளை அடிக்கிற அன்று காலையில் கண்டக்குழிக்காரர் சைக்கிளில் வந்தார். வீதியைப் பார்த்தார், முளையைப் பார்த்தார்.

"தம்பி, மீன் லொறி போற ரோட்டு இது. ஒரு கேற் காணாது. உள்ளுக்க சின்னக் கூடு மாதிரி அடைச்சு இன்னொரு கேற் வைங்க. ஒண்டப் பூட்டினாப் பிறகு மத்ததத் துறக்கிற மாதிரி. எங்கட கோழிக்கூட்டுக்கே அப்பிடித்தான் வைச்சிருக்கன்."

"கூட்டத்துல முடிவெடுத்தாச்சி அண்ணே. இனி மாத்தினா கதை வரும்."

"பக்கத்த மாத்தச் சொல்லல்ல தம்பி. இன்னொண்டு வைக்கச் சொல்லுறன்."

"பாப்பம்," என்றேன்.

நான் பார்க்கவில்லை. பிள்ளைகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். இரண்டாவது கேற் வைத்திருந்தால் பள்ளிக்கு ஒரு குறையும் இல்லை, சபைக்கும் பெரிய பாரம் இல்லை. உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் மெச்ச நான் கீறின கோட்டை, ஒரு கோழிக்கூட்டுக் கதையைக் கேட்டு அழிப்பதா என்ற வெட்கம்தான் என்னைத் தடுத்தது.

தொண்ணூறில் புலிகள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதால் நாங்கள் இங்கே முகாமில் இருந்தபோது, கிடுகுக் குடிசைக்கு இடம் அளந்து கொடுக்க ஒருவர் நாடாவோடு வந்தார். வாசலை மேட்டுப் பக்கம் வைக்கலாமா என்று உங்கள் அப்பா, அதாவது என் வாப்பா, அவரிடம் கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மாரிக்கு வெள்ளம் வாசலால்தான் உள்ளே வந்தது. உம்மா தங்கச்சியைத் தூக்கிப் பெட்டிக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் தெரிகிறது. முளை அடித்த அன்று அந்த நாடாக்காரரின் நினைவு எனக்கு வரவில்லை.

பூங்கா திறந்தார்கள். முதல் நாள் கண்டக்குழிக்காரர் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டபோது அது அசையாமல் நின்றது. கட்டிக் கட்டி ஓட்டம் மறந்துபோனதோ என்று நான் நினைத்தேன். அவர் வாயைக் குவித்து ஒரு சத்தம் கொடுத்தார். அப்படியே பறந்தது. வலையைச் சுற்றிச் சுற்றி, மண் தெறிக்க. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வருவார்.

மூன்று மாதம் ஆகியிருக்கும். நான் அடைப்புக்கு வெளியே தண்ணீர்ப் பைப்பைத் திருத்தி முடித்து, அதிலேயே உழுவும் எடுத்துவிட்டு நின்றேன். விடுதி வேலைக்காரர் ஒருவர் இரண்டு பெரிய நாய்களோடு வந்து கேற்றைத் திறந்தார். அவை இரண்டும் சங்கிலியை இழுத்தன. கேற் அகலத் திறந்தது. கண்டக்குழிக்காரரோடு உள்ளே நின்ற அவருடைய பெட்டை பயந்து, அந்த வேலைக்காரரின் கால்களுக்கு இடையால் வெளியே பாய்ந்தது. ஐஸ் ஏற்றின லொறி வந்துகொண்டிருந்தது. பிறேக் சத்தம் கேட்டது, அதோடு அடிபட்ட சத்தமும் கேட்டது.

நாய்க்கு உயிர் இருந்தது. பின்பக்கம் முழுக்க நசிந்திருந்தது. லொறியிலிருந்து வடிந்த தண்ணீரிலும் இரத்தத்திலும் நனைந்து கிடந்தது. கண்டக்குழிக்காரர் அதன் தலைக்குக் கீழே கை கொடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. ரெண்டு பேரும் தூக்கினா நோகாம தூக்கலாம்."

நான் நின்றேன். பள்ளியில் பாங்கு சொன்னது. அவர் என் ஈரக் கையைப் பார்த்தார், மடித்துவிட்ட சாரத்தைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"வேணாம் தம்பி. நீங்க தொழப் போகணும். பிறகு கழுவித் திரியணும்."

தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி நாயைச் சுற்றித் தனியாகவே தூக்கினார். தூக்கும்போது அது கத்தின கத்து... அதை எழுத எனக்குத் தெரியாது. ஓட்டோக்காரர் சீற் பழுதாகும் என்று ஏற்றவில்லை. வீதி ஓரத்தில் அவர் மடியிலேயே அது செத்தது. கழுவினால் போகிற ஒன்றுக்காக நான் கை கொடுக்காமல் நின்றுவிட்டேன். அன்று நான் தொழுதேன். என்ன ஓதினேன் என்று தெரியாது.

பிறகு சபையில் விசாரணை. கேற்றின் அமைப்பில் குறை உண்டா என்று என்னிடம் கேட்டார்கள். உள்ளே போகமுன் உத்தியோகத்தர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "குறை இருக்கெண்டு சொன்னா, ஏன் ரோட்டுப் பக்கம் வைச்சீங்க எண்டு கேப்பாங்க. அது பள்ளி வரைக்கும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

குறை இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். ஊருக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்துக் கண்டக்குழிக்காரர் ஒரு கடிதத்தோடு சபைக்கு வந்தார். அவருக்குத் தமிழும் சிங்களமும் நன்றாகப் பேச வரும், வாசிக்கத்தான் தெரியாது. வாசிக்கச் சொல்லி என் மேசைக்கு வந்தார். நான் வாசித்தேன். உரிமையாளர் நாயைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறிய கவனயீனமே விபத்துக்குக் காரணம் என்றும், சபையின் பக்கம் குறை எதுவும் இல்லை என்றும் இருந்தது.

"அப்ப நான்தான் அதச் சாகடிச்சதா?"

"சும்மா எழுதுறதுதான் அண்ணே. பெரிசா எடுக்க வேணாம்."

அவர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

"ஓம். யாரோ ஆபீசுக்குள்ள இருந்து எழுதினது. நீங்க எழுதியிருந்தா இப்பிடி எழுதியிருக்க மாட்டீங்க. உங்கக்கிட்டத்தானே நான் ரெண்டு கேற் சொன்னது."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். குத்திக் காட்டவில்லை. என்னை நம்பித்தான் சொன்னார். அந்தக் கடிதம் விசாரணையில் நான் போட்ட கையெழுத்தை வைத்து எழுதினது என்று அவருக்குத் தெரியாது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் பகல், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நான் கோப்பு அலுமாரியைத் திறந்து பூங்கா வரைபடத்தை எடுத்தேன். மேசையில் விரித்து, நான் பென்சிலால் கேற் என்று குறித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் பேனையால் எழுதினேன்: "இதை இந்தப் பக்கம் வைக்கச் சொன்னதும் குறித்ததும் நான். இரண்டு கேற் வேண்டும் என்று நாயின் சொந்தக்காரர் வேலை தொடங்க முன்னமே என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை." கீழே கையெழுத்து வைத்தேன். மை காயும்வரை ஊதினேன். பிறகு யாருக்கும் காட்டாமல் பழைய மடிப்பிலேயே மடித்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.