பிளேஆஃபுக்குப் போகாத செப்டம்பர்

எண்பதுகளில் ஒரு செப்டம்பர் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்களோடு தங்கியிருந்த சித்தப்பாவுக்குக் கோடையிலேயே வேலை போய்விட்டது. அக்டோபரில் திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தது பார்சிப்பனியில் இருந்த அவருடைய கம்பெனி. வருஷக் கடைசிக்குள் ஒரு வேலை அமையாவிட்டால் விசா தீர்ந்து அவர் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். இந்த நிலைமையில் மனிதர் கவலைப்பட்டதென்னவோ தன் பேஸ்பால் அணியைப் பற்றித்தான்.

அது ஓர் உருப்படாத அணி. கோடை முழுக்கத் தோற்றுவிட்டு, செப்டம்பரில் திடீரென்று வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்து அவரை மயக்கிவிட்டது. பிளேஆஃப் என்கிற கடைசிச் சுற்றுக்குப் போக, இவர்கள் மிச்சமிருந்த எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்கவேண்டும். மேலே இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்கவேண்டும். தயிர்சாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இதை எனக்கு விளக்குவார், நாளைக்கே நடக்கப்போகிற காரியம் மாதிரி. ஒன்பது வயதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டானாம்" என்று முணுமுணுத்துவிட்டு அப்பா பேப்பருக்குள் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில் டெக்சாஸில் ஒரு வேலை வந்தது. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். சித்தப்பா மென்று விழுங்கினார்.

"பூப் போட்டுப் பாத்துடலாம் தம்பி" என்றாள் அம்மா. "சிவப்பு வந்தா டெக்சாஸ் கெளம்புங்க. வெள்ளை வந்தா இங்கயே வெயிட் பண்ணுங்க."

ஊரில் இலையில் கட்டுவார்கள். எங்களுக்கு அலுமினியம் ஃபாயில். ஒரு பொட்டலத்தில் சிவப்பு ரோஜா, இன்னொன்றில் வெள்ளை. சாமி முன்னால் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கவேண்டும். குழந்தை கைக்குக் கள்ளம் தெரியாது என்று மடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சித்தப்பா டெக்சாஸ் போய்விட்டால் அந்த அணிக்காக டிவி முன்னால் உட்கார எங்கள் வீட்டில் வேறு ஆள் ஏது? இரண்டிலும் வெள்ளையையே வைத்து மடித்தேன்.

சித்தப்பா எடுத்ததில் வெள்ளை வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை சித்தப்பா டெக்சாஸுக்கு போன் பண்ணி, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அணி ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம். பிளேஆஃப் கணக்கு முடிந்துபோன அன்று சித்தப்பா டிவியை அணைக்கவில்லை. ஜெயித்தவர்கள் கைகுலுக்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிச்சமிருந்த, எதற்கும் உதவாத ஆட்டங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். அக்டோபர் வந்தது, போனது. பார்சிப்பனியிலிருந்து போன் வரவில்லை. வேறு எங்கெங்கோ அப்ளை பண்ணிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. நான் ஏமாற்றியதற்குத் தண்டனையைச் சாமி எனக்குத் தராமல் சித்தப்பாவுக்கும் அந்த அணிக்கும் கொடுத்துவிட்டார் என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவும் பயம்.

டிசம்பரில் ஏர்போர்ட்டில் அவர் பெட்டியைத் தூக்கும்போதுதான் வாய் திறந்தேன்.

"ரெண்டுமே ஒயிட், சித்தப்பா. நான்தான் வெச்சேன். ஐ ஆம் சாரி."

அவர் குனிந்து என் கோட்டு பட்டனைப் போட்டுவிட்டார்.

"தெரியும்டா கண்ணு. அன்னிக்கே இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லாத, என்ன?"

மூன்று மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. அவருக்குத்தான் தெரியுமே, அப்புறம் என் மேல் என்ன தப்பு? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டே வந்தேன். மனுஷர் நாட்டைவிட்டே போயிருக்கார், உனக்குப் பாட்டா என்று முன் சீட்டிலிருந்து அம்மா அதட்டினாள். ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருந்தும் திங்கட்கிழமை அவர் ஏன் டெக்சாஸுக்கு வரவில்லை என்று சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.