தாண்டவராயனுக்கு வாய்த்துணி கட்டிய கதை

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் என்னோடு மூட்டை தூக்கியவன் விக்கிரவாண்டி தாண்டவராயன். வெறும் வயிற்றோடு வேலைக்கு வருவான். மிஷினிலிருந்து கொட்டும் பருப்புதான் அவனுக்குக் காலைச் சாப்பாடு. முதலாளிக்கு அது ஆகாது. எவன் தாடை அசைகிறது என்று பார்க்கவே எங்களுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

எண்பத்தாறில் விழுப்புரம் காலேஜ் பிள்ளைகள், தூசு நெஞ்சில் இறங்காமல் இருக்க, துணி முகமூடி தைத்துக் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் தாண்டவராயன் முகம் கறுத்துவிட்டது.

"போரடிக்கிற மாட்டுக்கு வாயைக் கட்றாப்பல எனக்குக் கட்ட வந்தீங்களா? மொதலாளி சொல்லித்தான தெச்சிக்கினு வந்தீங்க?"

"இல்லண்ணே, இருமல் வராம இருக்கத்தான். ஒருநாள் கட்டிப் பாருங்க," என்றாள் கிருஷ்ணவேணி என்கிற பெண்.

முறைத்துக்கொண்டே கட்டினான். பழக்கதோஷத்தில் நாலு பருப்பைத் துணிக்கு அடியில் தள்ளி மென்றான். முதலாளி அவனையே பார்த்தார், பிறகு அடுத்தவன் தாடையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டோம்.

அடுத்த மாதம் பிள்ளைகள் மறுபடி வந்தார்கள்.

"மத்த மில்லுலெல்லாம் ரெண்டே நாள்ல கழட்டிப் போட்டுட்டாங்க. நீங்கதான் விடாம கட்டிக்கினு இருக்கீங்க. இருமல் கொறைஞ்சிதாண்ணே?" என்று கிருஷ்ணவேணி கேட்டாள்.

வாய் நிறையப் பருப்பு. "ம்ம்," என்றான் தாண்டவராயன்.

"கேக்கலண்ணே. கழட்டிட்டு சொல்லுங்க."

முதலாளி பக்கத்திலேயே நின்றார். தாண்டவராயன் மிஷின் பக்கம் கை காட்டினான், நெஞ்சைத் தொட்டான், மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"பாரும்மா, தூசுன்னா எவ்ளோ பயம் அவனுக்கு," என்றார் முதலாளி. "இன்னும் ரெண்டு டஜன் தெச்சிக் குடு."