இரும்பு படாத கிடா

முதுகுளத்தூரிலிருந்து டவுன்பஸ் போய்த் திரும்பும் ஊர் அது. அங்கிருந்து கால்நடை மருத்துவம் படிக்கப் போன முதல் பிள்ளை ஈஸ்வரி. சீட் கிடைத்த வாரமே அவள் அம்மா முருகம்மாள் கருப்பசாமிக்கு ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டாள். மகள் பட்டம் வாங்கியதும் வெட்டுவதாக வேண்டுதல். அதுவரை அதன்மேல் இரும்பு படக்கூடாது, கயிறு விழக்கூடாது. சாமி ஆட்டை விரட்ட யாருக்கு மனசு வரும்? மிளகாய்ச் செடியைக் கடித்தாலும் கும்பிட்டுத்தான் அனுப்பினார்கள். மகள் விடுதிச் சாப்பாட்டில் இளைக்க இளைக்க, கிடா ஊரைத் தின்று கொழுத்தது.

கடைசி வருடம் பயிற்சி. அதற்கும் கிரெடிட் உண்டு. பொறுப்பு டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். சொந்த ஊருக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகமே கிடைத்ததில் ஈஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் வீரமணி ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி முகாமை அவளிடமே ஒப்படைத்தார். உன் ஊர், நீ சொன்னால்தான் கேட்பார்கள் என்றார். ஓர் ஆடும் விடுபடக்கூடாது. விடுபட்ட ஒன்றின் வழியாக நோய் ஊருக்குள் வந்தால், ஊசி போடும் வயது வராத இளங்குட்டிகள்தான் முதலில் சாகும் என்றும் சொன்னார். அதையே ஈஸ்வரி வீடு வீடாகப் போய் ஒப்பித்தாள்.

சனங்கள் தயங்கினார்கள். படிக்கிற பிள்ளை நம் ஆட்டில் கை பழகப் பார்க்கிறது என்று முணுமுணுத்தார்கள். முதலில் ஆட்டைப் பிடித்துக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி. புருஷன் போனபின் ஆடுகள்தான் அவளுக்குக் கஞ்சி ஊற்றின. இரண்டு தாயாடுகள் அப்போதுதான் ஈன்றிருந்தன, ஐந்து குட்டிகள். நம்ம புள்ளதானே போடுது என்று மற்ற பெண்களையும் அவளே கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள் ஈஸ்வரி. வீட்டு ஆடுகளுக்குப் போட்டு முடித்துக் கிடாவின் பக்கம் திரும்பியதும் முருகம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"அத விட்ரு தாயி. உனக்காக நேந்துவிட்டது. ஊசியும் இரும்புதான். இன்னும் பட்டம் கைக்கு வரல."

ஊருக்குத்தான் உபதேசம். ஈஸ்வரி படித்தவள்தான், ஆனால் அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இத்தனை வருடம் கண்முழித்துப் படித்தது ஒரு ஊசிமுனையில் போய்விட்டால்? ஒரே ஒரு ஆடு என்ன செய்துவிடப்போகிறது என்று பெட்டியை மூடினாள்.

கட்டிப்போடாத ஆடு எங்கே போகும், எதோடு சேரும் என்று யார் கண்டது? ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டில் வெளியூர் ஆட்டுக் கிடை வந்து இறங்கியிருந்தது. அங்கே போய் மேய்ந்து வந்த கிடா, சில நாளில் மூக்கொழுகி, வாயெல்லாம் புண்ணாகி, கழிந்துகொண்டு திரிந்தது. அப்போதும் யாரும் விரட்டவில்லை. வழக்கம்போல் கனகலட்சுமியின் முற்றத்துக்குப் போய்க் கழனித் தண்ணீரில் வாய் வைத்தது. அவளும் வழக்கம்போல் சாமியே வந்திருக்கிறது என்று நகர்ந்து வழிவிட்டாள்.

குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. தாயாடுகள் ஊசி போட்டவை, அவற்றுக்கு ஒன்றுமில்லை. மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. மற்ற வீடுகளிலும் குட்டிகள் விழுந்தன. தாய்க்குப் போட்ட ஊசி பாலில் இறங்கிக் குட்டியைக் கொன்றுவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கனகலட்சுமி ஈஸ்வரியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிடா அந்த முற்றத்தில் நின்றதைக் கண்ணால் பார்த்த ஈஸ்வரி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும், தன்னையும்தான். அந்த மௌனத்தால் தன்னையே வெறுத்தாள்.

பட்டம் கைக்கு வருமுன்னே என்றாலும் பரவாயில்லை, சாகுமுன் வெட்டிவிடலாம் என்று முருகம்மாள் பூசாரியிடம் ஓடினாள். அவள் திரும்புவதற்குள் கிடா செத்திருந்தது. டாக்டர் வந்தார். அறுத்துப் பார்த்தால்தான் நோயை உறுதி செய்ய முடியும் என்று சொல்லிக் கத்தியை ஈஸ்வரி கையில் கொடுத்தார்.

ஊரே சுற்றி நின்றது. சாமி கிடாவையும் ஊசி கொன்றுவிட்டதே என்று வாயில் முந்தானையை வைத்து நின்றவர்களில் கனகலட்சுமியும் ஒருத்தி. முருகம்மாள் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த உடம்பில் பட்ட முதல் இரும்பு ஈஸ்வரியின் கத்தி. குடலின் கடைசியில் வரிவரியாய்ச் சிவப்பு, ஆட்டுக்கொல்லிக்குப் புத்தகத்தில் போட்டிருந்தது போலவே. நல்ல கேஸ், இதையே எழுதிக் கொடு, முழு கிரெடிட் போட்டுவிடுகிறேன் என்றார் டாக்டர். ஈஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். ரத்தக் கையோடு எழுந்து கனகலட்சுமியின் முன்னால் போய் நின்றாள்.

"ஊசியால சாகல அத்தே. இந்த ஊர்ல ஊசி போடாத ஒரே பெரிய ஆடு இதுதான். எங்க ஆடுன்னு நான்தான் விட்டுட்டேன். இது கொண்டாந்த சீக்குலதான் உங்க குட்டிக செத்துச்சு."

கனகலட்சுமி கிழிந்து கிடந்த கிடாவைப் பார்த்தாள், பிறகு ஈஸ்வரியைப் பார்த்தாள்.

"அப்ப உன் படிப்புக்கு உங்காத்தா நேந்துவிட்டது இந்தக் கிடாவ இல்ல. எங்குட்டிகளத்தான்."