மார்கழி மாதத்துப் பந்தாட்டக் கம்பெனி

எங்கள் பந்தாட்டக் கம்பெனியின் முதலாளி ஒரு கல்யாணப் பந்தல்காரர். அவருக்குப் பந்தாட்டத்தின் மேல் ஆசை இருந்ததாகச் சொல்ல முடியாது. எது கோல், எது கோல் இல்லை என்பதே கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் தன்னுடைய ஓலைத் தட்டிகளும் சவுக்குக் கம்புகளும் பூந்தமல்லிக் கிடங்கில் சும்மா கிடந்து செல்லரிக்கின்றன என்ற வயிற்றெரிச்சல் ஒன்றுதான் அவரை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. ஆடியிலாவது அம்மன் கோயில் பந்தல் ஒன்றிரண்டு கிடைக்கும். மார்கழியில் அதுவும் கிடையாது. யுத்தம் வந்து ஆவடிப் பக்கம் பட்டாளம் இறங்கியதும், ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பாய்கள் பொழுது போகாமல் ரோட்டில் திரிவதைப் பார்த்தார். திருமழிசை போகிற வழியில் ஒரு பொட்டலைக் குத்தகைக்குப் பிடித்தார். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் தட்டி கட்டி, ஒரே ஒரு வாசல் விட்டு, காசு வாங்கத் தன் மைத்துனரை அங்கே உட்காரவைத்தார். தட்டிக்கு உள்ளே நடந்தால் எதற்கும் காசு வாங்கலாம் என்பது அவர் கட்சி.

அண்ணனும் நானும் அவரிடம் சேர்ந்தது அப்போதுதான். அதற்கு முன்னால் குத்தம்பாக்கத்துப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மண் மிதித்தோம், கல் சுமந்தோம். அந்தச் சூளையிலேயே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தவர் எங்கள் அப்பா. முதலாளியின் ஏற்பாடு சுலபமானது. முகூர்த்த மாதங்களில் பந்தல் கட்ட வேண்டும், மற்ற மாதங்களில் பந்து ஆட வேண்டும், வருஷம் முழுக்கக் கூலி. அண்ணன் இரண்டுக்கும் லாயக்கு. கோலில் நின்றால் பந்து அவரைத் தாண்டாது. கம்பத்தில் ஏறினால் காலைப் பின்னிக்கொண்டு நாலு கை இருப்பவர் மாதிரி வேலை செய்வார். நான் பந்தோடு ஓடினால் என்னைப் பிடிக்க ஆள் இல்லை, ஆனால் நான் போட்ட முடிச்சு மட்டும் நிற்காது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா தலையில் தட்டி விழுந்த பிறகு என்னை யாரும் கம்பத்தின் மேல் ஏறவிடவில்லை. பந்தாட்டம் நடக்கும்வரைதான் எனக்குச் சோறு, அது படுத்தால் நான் மறுபடியும் சூளைக்குத்தான். இது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், முதலாளிக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும்.

முதல் மார்கழி அமோகமாகப் போயிற்று. ஆவடிக்காரர்கள் வந்தார்கள், அம்பத்தூர்காரர்கள் வந்தார்கள், சில வாரம் ஜெயித்தோம், சில வாரம் உதை வாங்கினோம். கூட்டம் தட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த பிறகு முதலாளிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பந்தல் தொழிலில் அவர் முன்னுக்கு வந்த வழி ஒன்றே ஒன்று. முகூர்த்தம் நெருங்கும்போது அக்கம்பக்கத்துப் பந்தல்காரர்களின் கம்புகளையெல்லாம் பேசி வாங்கிப் போட்டுவிடுவார். பெண்ணைப் பெற்றவன் எங்கே சுற்றினாலும் கடைசியில் இவர் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். அதே வழியில், ஆடி பிறப்பதற்குள் ஆவடியிலும் அம்பத்தூரிலும் நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரையும் வளைத்து எங்கள் பக்கம் சேர்த்துவிட்டார்.

அந்த ஆடி முழுக்க நாங்கள் ஜெயித்தோம். அண்ணனுக்கு வேலையே இல்லை. கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மென்றார். கூட்டம் வாராவாரம் கரைந்தது. யார் ஜெயிப்பார்கள் என்று தயிர் விற்கிறவளுக்குக்கூட முன்கூட்டியே தெரிந்தால் அவள் எதற்குக் காசு கொடுத்து உள்ளே வரப்போகிறாள்? முதலாளிக்குத்தான் இது விளங்கவில்லை.

“ஜெயிச்சிகினேதானே கீறோம்? இந்த ஜனங்களுக்கு இன்னும் இன்னாதான் ஓணும்?” என்று மைத்துனரிடம் கத்தினார்.

“சண்டைன்னா ரெண்டு பக்கமும் அடிச்சிக்கணும் மாமே. ஒருத்தனே அடிச்சிகினு இருந்தா எவன் பாப்பான்?” என்றார் அவர்.

முதலாளி இரண்டு நாள் கிடங்கில் உட்கார்ந்து கம்புகளை எண்ணினார். பிறகு, தனக்குத் தெரிந்த இன்னொரு வித்தைக்கு வந்தார். கம்பை வாடகைக்கு விடுவதில்லையா, அந்த வித்தைதான். மார்கழி பிறக்கும் சமயம் என்னைக் கிடங்குக்குக் கூப்பிட்டார்.

“நைனா, இந்த மார்கழிக்கு நீ ஆவடி பக்கம் ஆடு. கூலி நான்தான் குடுப்பேன். வெளியே மூச்சு உடாத. உங்க அண்ணங்கிட்டயும்தான்.”

“மொதலாளி, கோல்ல அண்ணன் நிக்கிறாரே.”

“அதுக்கு இன்னா? நல்லா ஆடு. இந்த மாசமும் கூட்டம் வர்லன்னா பந்த மூட்ட கட்டிடுவேன். உன்ன பந்தலுக்கு வெச்சிக்க முடியாதுன்னு உனக்கே தெரியும்.”

நான் ஆவடிக்குப் போய்விட்டதாக ஊரே பேசியது. அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அண்ணி இருவருக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டார். நாங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

அண்ணனும் தம்பியும் மோதுகிறார்கள் என்றதும் செம்பரம்பாக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சிப்பாய்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். வெகுநேரம் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் எனக்கு ஒரு பந்து தனியாகக் கிடைத்தது. ஓடினேன், உதைத்தேன். அண்ணன் பாய்ந்தார். பந்து அவர் கைக்கு அடியில் உள்ளே போயிற்று. ஆவடிக்காரர்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள், என் ஊர்க்காரர்கள் சாணி எறிந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணனைத் தாண்டி யாரும் சுலபத்தில் கோல் போட்டதில்லை, நான் போட்டுவிட்டேன்.

கம்பெனி பிழைத்துக்கொண்டது. வாராவாரம் பொட்டல் நிறைந்தது. காஞ்சிபுரத்திலும் ஒரு பொட்டல் பார்க்கப்போவதாக முதலாளி சொல்லிக்கொண்டு திரிந்தார். அண்ணன் மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தை பிறந்து, பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் மேலே, நான் கீழே நின்று கம்பு எடுத்துக் கொடுக்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, நானா போவலண்ணே. மொதலாளிதான் அனுப்பினாரு.”

“தெரியும்.”

“தெரிஞ்சிமா பேசாம கீற?”

முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். “அந்தப் பந்து என் கைக்கு வந்துச்சிடா. நான்தான் உட்டேன்.”

கையில் எடுத்த கம்பை நான் மறுபடியும் கீழே வைத்தேன்.

“ஆவடி இன்னொரு தபா தோத்தா கூட்டம் வராது, உன் தம்பி சூளைக்குத்தான் போவணும்னு ஆட்டத்துக்கு மொத நாளு மொதலாளி சொன்னாரு. அப்பா போனத நான் பாத்துகினு இருந்தவன். உட்டுட்டேன். அதுலேருந்து உன்னப் பாத்தா எனக்கு அந்தப் பந்துதான் தெரியுது.”

அங்கேயே நின்று அழுதேன். வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட ஒரே காரியம் அது. அது அவர் எனக்குப் பிச்சையாகப் போட்டது என்பதைவிட, அதைப் போட அவர் எதை இழந்தார் என்பதுதான் என்னை அறுத்தது.

அடுத்த ஆடியில் முதலாளி எவ்வளவு கூப்பிட்டும் அண்ணன் கோலில் நிற்க வரவில்லை. பந்தல் கட்டுகிறேன், அது போதும் என்றுவிட்டார். நான் ஆடினேன், வேறு பிழைப்பு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் தன் கையால் கட்டிய தட்டியின் வாசலுக்கு வருவார். மைத்துனர் வேண்டாம் வேண்டாம் என்பார். காசைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்து, கூட்டத்தோடு நின்று என்னைப் பார்ப்பார்.