புழு அக்காவின் எலிகள்

எலிப் புழுக்கையை ஈர வடிதாளில் பரப்பிக்கொண்டே, இன்று மதியம் என்ன சாப்பாடு என்று விசாரிப்பார் புழு அக்கா. "ஏன் பாப்பா மூஞ்சியச் சுளிக்கிற? என் புள்ளைங்க பொறக்கிற இடம் இது."

ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எலியின் குடலில் மட்டும் வாழும் ஒரு புழு வம்சத்தை, எலிக்கு எலி மாற்றி, அற்றுப்போகாமல் காப்பது அவர் வேலை. அந்த வம்சம் வேறெங்கும் கிடையாது. புழுக்கையில் முட்டை பொரியும். குஞ்சுப் புழுவைச் சொட்டுத் தண்ணீரில் எடுத்து அடுத்த எலிக்குப் புகட்டுவார். குடலின் எதிர்ப்புச் செல்கள் அதை எப்படி மோப்பம் பிடித்து விரட்டுகின்றன என்பதுதான், அவர் 'பாப்பா' என்று கூப்பிடும் மாணவியின் ஆய்வு. அவள் பட்டமே அந்தப் புழுவின் தலையில் நிற்கிறது.

மனிதர்களிடம் எரிந்து விழும் அக்கா, எலியிடம் மட்டும் குழைவார். "வாடா ராசா, ஒரே ஒரு வாய்." கூண்டு கழுவும்போது எலி விவரம் எழுதிய அட்டைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். "நனைஞ்சா எழுத்து போயிடும்ல?" எது எந்தக் கூண்டுக்கு என்பது அவருக்கு அத்துப்படி.

அந்த அத்துப்படிதான் காலை வாரிவிட்டது. பழைய எலிகள் வயதாகிச் செத்துவிட, மிச்சமிருந்த குஞ்சுப் புழுக்கள் அத்தனையையும் புது எலிகளுக்குப் புகட்டினார். அவை புதியவையே அல்ல. முன்பே புழு தொற்றி, மருந்தால் குணமானவை. அட்டை இடம் மாறியிருந்தது. முன்பே தொற்றியவை என்று அடையாளமாகக் காதில் போட்டிருந்த துளையைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை, பாவி மனுஷி! ஒருமுறை புழுவைக் கண்ட குடல் அதை மறப்பதில்லை. செல்கள் விழித்துக்கொண்டு எல்லாப் புழுக்களையும் தீர்த்துக்கட்டிவிட்டன.

தினமும் நுண்ணோக்கியில் முட்டை தேடினார். ஒன்றுமில்லை. இன்று காலைதான் சந்தேகம் வந்து காதுகளைப் பார்த்தார். எலிகள் கொழுகொழுவென்று ஓடித் திரிந்தன.

மாணவி வந்தாள். "அக்கா, இன்னிக்காவது முட்டை வந்துச்சா?"

"இனிமே வராது பாப்பா. எலிய மாத்திக் குடுத்துட்டேன். நான்தான். எல்லாம் போச்சு."

அவள் சிரித்தாள். "சும்மா விளையாடாதீங்கக்கா. நிஜமா சொல்லுங்க."

அக்கா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார். உறையை எடுத்து அதன்மேல் போர்த்தி, சுருக்கம் இல்லாமல் இரண்டு கையாலும் நீவிவிட்டார்.